காந்தத் தேர்தல் வரைபடம்: ஐந்துக்கு மூன்று நட்சத்திரம்

ஆறாம் வகுப்பு படிக்கும் மகளுக்காக ஆன்லைனில் வாங்கினேன், 28 டாலர். அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை அடுக்கிப் பார்க்க ஒரு இரும்புப் பலகை, அதில் ஒட்ட ஐம்பது மாநிலங்களும் காந்தத் துண்டுகளாக. ஒரு பக்கம் குடியரசுக் கட்சியின் சிவப்பு, திருப்பினால் ஜனநாயகக் கட்சியின் நீலம். அந்தந்த மாநிலத்தின் எலெக்டோரல் ஓட்டு, அதாவது அதிபரைத் தேர்ந்தெடுக்க அந்த மாநிலத்துக்கு உள்ள ஓட்டு, மேலேயே அச்சாகியிருக்கிறது; பெரும்பாலான மாநிலங்களில் அங்கே ஜெயித்தவருக்கே அது மொத்தமும் போகும். துண்டுகள் நல்ல கனம், விளிம்பு கையைக் கிழிக்காது.

கணக்கில்தான் கோளாறு. கலிபோர்னியா 55, டெக்சாஸ் 38 என்று போட்டிருக்கிறார்கள். அது 2020 தேர்தலோடு முடிந்த கதை, இப்போது 54, 40. அதைவிட மோசம், தலைநகர் வாஷிங்டன் டி.சி.க்குத் துண்டே கிடையாது. 1961இல் அரசியலமைப்பின் 23ஆவது திருத்தம் வந்து அந்த ஊருக்கும் ஓட்டு கொடுத்தாயிற்று, தயாரித்தவருக்குத் தகவல் போகவில்லை போல! எப்படிக் கூட்டினாலும் 535தான், நாட்டின் மொத்தமான 538 வராது. மெய்னும் நெப்ராஸ்காவும் ஓட்டைப் பிரித்துக் கொடுக்கும் மாநிலங்கள்; இங்கே அவையும் முழுசாக ஒரே நிறம்.

ஆனாலும் இந்தப் பலகை ஒன்றைப் பச்சையாகக் காட்டிவிடுகிறது. 2020ஐ அடுக்கினோம். மகள் கலிபோர்னியாவை நீலமாகத் திருப்பினாள். அங்கே டிரம்ப்புக்கு விழுந்தது சுமார் 60 லட்சம் ஓட்டு, அவர் ஜெயித்த டெக்சாஸில் வாங்கியதைவிட அதிகம். துண்டு திரும்பியதும் அத்தனையும் காணோம். டெக்சாஸில் பைடனுக்குப் போட்ட 52 லட்சம் பேருக்கும் அதே கதி. "அப்ப அவங்க எதுக்குப்பா வரிசையில நின்னாங்க?" என்றாள். 2016இல் ஹிலாரி நாடு முழுக்க 28 லட்சம் ஓட்டுக்கு மேல் அதிகம் வாங்கியும் தோற்றதைச் சொன்னேன், முறைத்தாள்.

இந்த முறை சின்ன மாநிலங்களுக்குப் பாதுகாப்பு என்பார்கள். மூன்று ஓட்டு வயோமிங்கில் எந்த வேட்பாளர் கூடாரம் போட்டார்? எல்லாரும் எந்தப் பக்கமும் சாயக்கூடிய பென்சில்வேனியாவிலேயே குடியிருக்கிறார்கள். டெலவேர் ஆற்றுக்கு அந்தப் பக்கம் என் மச்சானுக்கு தேர்தல் வருஷ அக்டோபர் முழுக்க பிரச்சார போன் ஓயாது. இந்தப் பக்கம் நியூ ஜெர்சியில், அதிபர் தேர்தலுக்கென்று என் கதவை ஒருவரும் தட்டியதில்லை. நாடு முழுக்க எண்ணி, அதிகம் வாங்கியவரை உட்கார வைக்க வேண்டும் என்பதுதான் என் வாதம். அப்படி அதிகம் வாங்கியவருக்கே தங்கள் எலெக்டோரல் ஓட்டைத் தருவதாக மாநிலங்கள் போடும் ஒப்பந்தத்தில் எங்கள் மாநிலம் 2008லேயே சேர்ந்துவிட்டது; சேர்ந்த மாநிலங்களின் ஓட்டு, ஜெயிக்கத் தேவையான 270ஐத் தொட்டால்தான் அது அமலுக்கு வரும்.

பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தாராளமாக வாங்கலாம். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டாம், துண்டுகள் சிறிசு. எங்கள் பலகையின் ரோட் ஐலண்ட் துண்டு நாலு ஓட்டோடு வேக்குவம் கிளீனருக்குள் போய்விட்டது.