லைன் டான்ஸுக்கு எந்த இடம்: கல்யாண மண்டபமா, கசூரினாவா, ஊர்க் கரப்பந்துத் திடலா?

யாழ்ப்பாணத்தில் சனி ஞாயிறு லைன் டான்ஸ் வைக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். பாட்டு, சாப்பாடு எல்லாம் பிறகு. நாங்கள் இதை மூன்று முறை நடத்திவிட்டோம். முதல் முறை நகரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில், அடுத்தது காரைநகர் கசூரினா கடற்கரையில், கடைசியாக எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கரப்பந்துத் திடலில். வந்தவர்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான், போட்ட பாட்டுகளும் ஏறக்குறைய அவையேதான். ஆனால் கதிரையை விட்டு எழும்பி ஆடியவர்களின் தொகை மூன்று இடத்திலும் மூன்று விதமாக இருந்தது.

தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. லைன் டான்ஸில் சோடி கிடையாது. எல்லோரும் வரிசையாக நின்று, ஒரே பக்கம் பார்த்து, ஒரே அடியை ஒரே நேரத்தில் வைப்பார்கள். எழுபதுகளின் டிஸ்கோ காலத்தில் பிரபலமாகி, 1992 இல் அமெரிக்கக் கன்ட்ரி இசை அலையோடு உலகமெங்கும் போன ஆட்டம் இது. எங்களுக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டியில் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு வெயிலில் வரிசையாக நின்ற எவருக்கும் பாதி தெரியும். யார் கையையும் பிடிக்கத் தேவையில்லை என்பதால், இங்கே பெண்களும் வயதானவர்களும் தயங்காமல் சேரக்கூடிய ஆட்டமும் இதுதான். அந்தத் தயக்கத்தை எந்த இடம் கரைக்கிறது, எந்த இடம் கூட்டுகிறது என்பதை வைத்துத்தான் நான் மூன்றையும் எடை போடுகிறேன்.

கல்யாண மண்டபம்

வசதி என்று பார்த்தால் மண்டபத்தை அடிக்க ஏதுமில்லை. ஏசி இருக்கிறது, ஜெனரேட்டர் இருக்கிறது, மழை பெய்தாலும் கவலையில்லை, கழிப்பறை இருக்கிறது, சாப்பாட்டுக்குத் தனி இடம் இருக்கிறது. ஆடி மாதத்திலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லாததால் மண்டபங்கள் சும்மா கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். வெளிநாட்டு உறவுகள் லீவில் வந்து நிற்கும் காலமும் அதுதான். ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவுக்குக் கொடியேறிவிட்டால் அந்த 25 நாளும் வேறு எதையும் நினைக்காதீர்கள். ஆட்களும் வரமாட்டார்கள், அது முறையும் அல்ல.

பிரச்சினை இரண்டு. முதலாவது தரை. மண்டபத்துக்குள் போகும்போது செருப்பை வாசலில் கழற்றுவது எங்கள் பழக்கம். பளபளவென்ற தரை ஓட்டில் வெறுங்காலோடு அரை மணி நேரம் ஆடினால் பாதம் வியர்க்கும். வியர்த்த பாதம் ஓட்டில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு கால்வட்டம் (வட்டத்தில் நாலில் ஒரு பங்கு) திரும்பும், பாதம் திரும்பாது, முறுக்கு முழுவதும் முழங்காலுக்குப் போகும். இறப்பர் அடி வைத்த சப்பாத்துக்கும் இதே குறைதான். வெறும் மேசுடன் (காலுறையுடன்) ஆடினால் வழுக்கி விழலாம். மண்டபத்தில் வைக்கத்தான் போகிறீர்கள் என்றால், அடி மிருதுவாகத் தேய்ந்த தோல் சப்பாத்தைக் கொண்டுவரச் சொல்லி முன்கூட்டியே அறிவியுங்கள்.

இரண்டாவதுதான் பெரியது. கல்யாண மண்டபம் என்றதும் எங்கள் ஆட்களுக்குக் கால் தானாகவே கதிரையைத் தேடிப் போகிறது. பெண்கள் நல்ல சேலை கட்டி வந்துவிடுகிறார்கள். பக்கவாட்டில் ஓர் அடி, மற்றக் காலைப் பின்னால் குறுக்கே வைப்பது, திரும்பவும் பக்கவாட்டில் ஓர் அடி என்று போகும் கிரேப்வைன் நடையில் அந்தப் பின்னால் போகும் கால் கொய்யகத்தில் சிக்காமல் இருக்காது. முதல் முறை எங்கள் பெரியம்மா முன்வரிசைக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "பிள்ளை, எனக்கு முழங்கால் ஏலாது, நான் இதிலை இருந்து பாக்கிறன்" என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் நாற்பது பேர் அப்படியே இருந்தார்கள். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஆட வந்தவர்களுக்கும் காலை எடுத்து வைக்கக் கூச்சம் வந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான நடனங்கள் 32 எண்ணிக்கை கொண்டவை, ஒவ்வொரு சுற்று முடிவிலும் கால்வட்டம் திரும்பி அடுத்த சுவரைப் பார்ப்போம். மண்டபத்தில் மூன்று பக்கமும் ஒரே நிறத் திரைச்சீலை. மேடை கண்ணில் படாத சுற்றுகளில் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்றே பலருக்குப் பிடிபடவில்லை. படிப்பித்தவர் ஒருவர் மட்டும் மேடையில் நின்றது எங்கள் பிழை. எந்த இடமாக இருந்தாலும் நான்கு பக்கத்திலும் ஆட்டம் தெரிந்த ஒருவர் நிற்க வேண்டும்.

கசூரினா

நகரத்திலிருந்து சுமார் 20 கிலோமீற்றர், பொன்னாலைப் பாலத்தைத் தாண்டிப் போகும் பயணமே மனதைத் திறந்துவிடும். இளையவர்களுக்கு இதைப்போல ஓர் இடம் கிடைக்காது. சவுக்கு மரங்களுக்குக் கீழே பாயை விரித்து, ஆடிவிட்டுக் கடலில் இறங்கி, திரும்பி வந்து இன்னொரு பாட்டுக்கு ஆடிய அந்த நாளை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இன்னமும் பேசுகிறார்கள்.

ஆனால் ஆட்டத்தின் பக்கம் நின்று பார்த்தால் மணல் அதற்கு உதவாது. காய்ந்த மணலில் கால் புதையும், வழுக்கும் அடிகள் எதுவும் வராது, மூன்று பாட்டுக்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். அலை நனைத்துப் போன இறுகிய மணல் பரவாயில்லை, ஆனால் அது ஒடுங்கிய பட்டி, இரண்டு வரிசைக்கு மேல் நிற்க முடியாது. சோளகக் காற்றுக் காலத்தில் ஸ்பீக்கர் சத்தத்தையும் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும், பின்வரிசைக்கு எண்ணிக்கை கேட்காது. கடலுக்கு வந்த மற்றவர்கள் சுற்றி நின்று பார்க்கத் தொடங்கியதும் எங்கள் அக்காமார் ஒருவர் பின் ஒருவராக மரத்தடிக்குப் போய்விட்டார்கள். ஆட்டம் படிக்கும் இடமாக அல்லாமல், படித்து முடித்தவர்கள் ஒரு மாலை உல்லாசமாகப் போய்வரும் இடமாக வைத்தால் கசூரினாவுக்கு நிகரில்லை.

கரப்பந்துத் திடல்

என் தெரிவு இதுதான், மறைக்க ஒன்றுமில்லை.

கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். ஒருவர் இடிபடாமல் ஆட ஒன்றரை மீற்றருக்கு ஒன்றரை மீற்றர் வேண்டும். கரப்பந்துத் திடல் 18 மீற்றர் நீளம், 9 மீற்றர் அகலம். வலையைக் கழற்றினால் நீளத்தில் பன்னிரண்டு பேர், அகலத்தில் ஆறு வரிசை, மொத்தம் 72 பேர் கச்சிதமாக நிற்கலாம். இரவுச் சுற்றுப்போட்டிகளுக்காகப் போட்ட மின்விளக்குகள் பல ஊர்த் திடல்களில் ஏற்கனவே நிற்கின்றன. பூப்பந்துக்கென்று சீமெந்துத் தரை போட்ட ஊர்களும் உண்டு. அது 13.4 மீற்றருக்கு 6.1 மீற்றர், முப்பத்தைந்து பேர் மட்டில் ஆடலாம். சின்னக் கூட்டமென்றால் அதுவே போதும்.

வலிகாமத்துச் செம்மண் தரையைப் பின்னேரம் மூன்று மணிக்குத் தண்ணீர் தெளித்து விட்டுவிட வேண்டும். ஐந்து மணிக்குள் புழுதி அடங்கி, மேலே காய்ந்து, கீழே இறுகி இருக்கும். அந்தத் தரையில் வெறுங்கால் ஓட்டில்போல ஒட்டுவதும் இல்லை, மணலில்போலப் புதைவதும் இல்லை. அப்புறம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இருவர் செய்த வேலையைச் சொல்ல வேண்டும். ஒரு வாளியில் சுண்ணாம்பைக் கரைத்து, கோலத்துக்குப் புள்ளி வைப்பதுபோல ஒன்றரை மீற்றருக்கு ஒரு புள்ளியாக 72 புள்ளி வைத்துவிட்டார்கள். நூல் பிடித்து, குனிந்து குனிந்து, ஒரு மணி நேர வேலை. வந்தவர்களிடம் "வரிசையாக நில்லுங்கள்" என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. ஆளுக்கொரு புள்ளியில் போய் நின்றார்கள்.

நான்கு பக்கத்துக்கும் பெயரும் தானாகக் கிடைத்தது. வாசிகசாலைப் பக்கம், கிணற்றுப் பக்கம், வேம்படி, ஒழுங்கை. "அடுத்த சுற்றுக் கிணற்றடிக்கு!" என்று கூப்பிட்டால் யாருக்கும் குழப்பமில்லை.

கதிரைகளை நாங்கள் வேண்டுமென்றே குறைத்தோம், உண்மையாகவே நிற்க இயலாதவர்களுக்கு மட்டும் பத்துக் கதிரை. புதியவர்களை நடு வரிசைகளில் நிறுத்தினோம். இது முக்கியம். பயந்தவர்கள் எப்போதும் கடைசி வரிசைக்குத்தான் போவார்கள், ஆனால் இரண்டு முறை திரும்பியதும் கடைசி வரிசைதான் முதல் வரிசை, முன்னால் பார்த்து ஆட ஒருவரும் இல்லை. நடுவில் நின்றால் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால் ஒரு முதுகு இருக்கும். பெரியம்மாவையும் அங்கேதான் நிறுத்தினோம், வீட்டுச் சட்டையோடு வந்திருந்தார். துள்ளும் அடிகளை நடையாக மாற்றிக்கொண்டு அன்று ஐந்து பாட்டுக்கு ஆடினார்.

திடலின் குறை மழையும் சத்தமும். ஐப்பசி, கார்த்திகையில் நினைக்கவே வேண்டாம். தை கடைசியிலிருந்து பங்குனி வரைதான் நல்ல காலம். ஆனால் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளும் அப்போதுதான் நடக்கும், சவுண்ட் சேர்விஸ்காரரை முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி எடுங்கள். அதைவிட முக்கியம், சுற்றியுள்ள வீடுகளுக்கு நேரில் போய்ச் சொல்லுங்கள். பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில் ஸ்பீக்கரை அந்த வீட்டுக்கு முதுகு காட்டி வையுங்கள்.

இரண்டு முழுநாளா, இரண்டு மாலையா

மண்டபத்தில் காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை இரண்டு நாளும் வைத்தோம். கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அது பிடித்திருந்தது, அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு முழுநாள் கிடைத்தது. ஊர் ஆட்களுக்குச் சரிவரவில்லை. காலையில் பிள்ளைகளுக்கு ரியூசன், ஞாயிறு தேவாலயம் போகிறவர்களுக்குப் பூசை, வீட்டில் சமையல். திடலில் இரண்டு நாளும் ஐந்து மணி முதல் எட்டரை வரை மட்டும் வைத்தோம். ஒரு 32 எண்ணிக்கை நடனத்தைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் பிடிக்கும். சனி மூன்று, ஞாயிறு இரண்டு, மிச்ச நேரமெல்லாம் படித்ததைத் திரும்ப ஆடுவது. முழுநாளில் ஒன்பது நடனம் படித்து மறுநாள் அதில் ஏழு நடனத்தை மறந்ததைவிட, ஐந்தைப் படித்து ஐந்தையும் ஆடியது எவ்வளவோ மேல்.

சொல்லிக்கொடுக்கும்போது தமிழில் எண்ணுங்கள். இதை நான் பல முறை பார்த்துவிட்டேன். ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு, ஐஞ்சு, ஆறு, ஏழு, எட்டு: ஒவ்வொன்றும் இரண்டு அசை. முதல் அசை தாளத்தில் விழுகிறது, இரண்டாவது அசை இரண்டு தாளத்துக்கும் நடுவில் விழுகிறது. இரண்டு தாளத்துக்குள் மூன்று அடி வைக்கும் ஷஃபிளை "ஒண்-டு-ரெண்" என்று சொன்னால் காலுக்கே விளங்கிவிடும். ஆங்கிலத்தில் எண்ணியபோது தடுமாறிய அதே ஆட்கள்தான், இப்படி எண்ணியதும் பிடித்துக்கொண்டார்கள்.

பதிவுப் பாட்டா, இசைக்குழுவா

படிக்கும் நேரத்தில் பதிவுப் பாட்டுத்தான் வேண்டும். சில நடனங்களில் பாட்டின் நீளத்துக்கு ஏற்ப நடுவில் நான்கு எண்ணிக்கை கூடும், அல்லது 16 இல் நிறுத்தி மீண்டும் தொடங்க வேண்டும். பாடகர் உற்சாகத்தில் பல்லவியை இன்னொரு முறை பாடினால் 72 பேரும் கலைந்துபோவார்கள்.

ஆனால் கடைசி ஒரு மணி நேரத்துக்குக் கீபோர்ட், ட்ரம்ஸ், கொங்கோ, ஒரு பாடகர் என்று சின்ன இசைக்குழு வந்தால் இரவின் நிறமே மாறும். அதற்குக் கூட்டலும் நிறுத்தலும் இல்லாத சுத்தமான 32 எண்ணிக்கை நடனங்களை ஒதுக்கி வையுங்கள். எங்கள் நாட்டுத் துள்ளலிசையான பைலா கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். பைலா ஆறு சிறு தட்டுக் கொண்ட தாளம், அழுத்தம் முதலாவதிலும் நான்காவதிலும். அந்த அழுத்தங்களை ஒவ்வோர் எண்ணிக்கையாக எடுத்தால் நடனம் அப்படியே பொருந்தும். ஷஃபிளின் நடு அடி மட்டும் கொஞ்சம் பிந்தி விழுந்து, நடை துள்ளலாகிவிடும். குழுவிடம் முதலே ஒன்று சொல்லிவையுங்கள்: பாட்டுப் போகப்போக வேகத்தைக் கூட்ட வேண்டாம். நடு வரிசையில் முழங்கால் ஏலாதவர்களும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. ஆடும் முன் வடை, ரோல்ஸ், தேத்தண்ணியோடு நிறுத்துங்கள். இடைவேளைக்குத் தண்ணீரும் நெல்லிக் கிரஷும். ஒடியற்கூழ் வைப்பதானால் ஞாயிறு எட்டரைக்கு, எல்லாம் முடிந்த பிறகு. நாங்கள் அடுப்பை வேம்படியில் மூட்டினோம். கடைசிப் பாட்டில் அந்தப் பக்கம் திரும்பிய ஒவ்வொரு சுற்றிலும் கூழ் மணம் முகத்தில் அடித்தது, கிணற்றடிக்குத் திரும்ப ஒருவருக்கும் மனமில்லை.