கால் எரிச்சலுக்கு எந்த மாத்திரை?

சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆனவர்களுக்கு இரவில் படுத்ததும் இரண்டு பாதமும் எரியும், ஊசி குத்தும், மரத்துப்போகும். இது பெரும்பாலும் நரம்புக் கோளாறு. நடந்தால் கெண்டைக்கால் பிடித்து இழுத்து, நின்றால் சில நிமிடத்தில் விட்டுவிடுகிறது என்றால் ரத்தக்குழாய் அடைப்பைச் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இரண்டுமே இருக்கும். ஆனால் நரம்பு மாத்திரை அடைப்பைத் திறக்காது.

நரம்பு வலிக்கு டாக்டர்கள் அதிகம் எழுதுவது பிரிகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்செடின். பிரிட்டனில் நடந்து 2022-இல் வெளியான ஒரு ஆய்வில், வலியைக் குறைப்பதில் மூன்றும் ஏறக்குறைய சமமாகவே வந்தன. ஒன்று போதாதவர்களுக்கு இன்னொன்றைச் சேர்த்தபோது வலி மேலும் குறைந்தது. ஆகவே 'எது பவர் அதிகம்' என்று கேட்பதை விட, யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று பார்ப்பதே சரி.

அமிட்ரிப்டிலின் பழைய மருந்து, விலை குறைவு, தூக்கமும் வரும். வாய் வறளும், மலச்சிக்கல் வரும். புராஸ்டேட் தொல்லையோ இதயத் துடிப்புக் கோளாறோ உள்ள பெரியவருக்கு இதை நான் விரும்பமாட்டேன். பிரிகாபலினில் தலைசுற்றல், எடை கூடுதல், கால் வீக்கம் வரலாம். சிறுநீரகம் பலவீனமென்றால் அளவைக் குறைக்க வேண்டும். டுலோக்செடின் மனச்சோர்வும் உள்ளவர்களுக்குப் பொருத்தம். ஆரம்பத்தில் குமட்டும், கல்லீரல் நோய் இருந்தால் வேண்டாம். எதையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

சத்து மாத்திரை? சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நெடுநாள் எடுப்பவர்களுக்கு, அதிலும் சைவம் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு, வைட்டமின் பி12 குறையக்கூடும். அதனாலும் இதே எரிச்சல் வரும். ரத்தத்தில் அளவு பார்த்து, குறைந்திருந்தால் போடலாம். சரியான அளவில் இருப்பவருக்குப் பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது.

அப்புறம், எல்லோரும் சொல்லும் வெந்நீர் ஒத்தடம். மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் கண்ட பிறகுதான் தெரியும். இதை நான் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுவேன்.

ரத்த ஓட்டத்துக்கு நடைதான் முதல் மருந்து: வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. கூடவே புகையை விடுவது, டாக்டர் தரும் கொலஸ்ட்ரால் மாத்திரை. சிலோஸ்டசால் என்ற மாத்திரை நடக்கும் தூரத்தைக் கூட்டும். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குக் கூடாது. வீக்கத்துக்கு விற்கும் இறுக்கமான காலுறையை, கணுக்கால்-கை ரத்த அழுத்த ஒப்பீடு பார்க்காமல் போடாதீர்கள். அடைப்பு உள்ள காலில் அது இருக்கும் ஓட்டத்தையும் குறைத்துவிடும். புண் ஆறாமலோ விரல் கறுத்தோ இருந்தால் எந்த மாத்திரை என்ற இந்த யோசனையெல்லாம் வேண்டாம், அன்றைக்கே ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம் போங்கள்.