பம்பர் டு பம்பர்ல இஞ்சின் வராது

2023 டிசம்பர் 18 காலை, தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலியில் எங்கள் சிந்துபூந்துறைத் தெருவுக்குள் வந்துவிட்டது. தண்ணீர் வடிந்து காரைத் திறந்தால் சீட்டில் சேற்றுக்கோடு, டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு கை சகதி. பக்கத்து வீட்டுத் தம்பி உதவி என்று வேறு பேட்டரி கொண்டுவந்து மாட்டினான். சாவியைத் திருப்பினேன். ‘டக்’ என்று ஒரே சத்தம், அதோடு சரி.

இன்சூரன்ஸ் ஏஜென்டுக்குப் போன் போட்டேன். “கவலப்படாதிய அண்ணாச்சி, பம்பர் டு பம்பர் போட்டிருக்கு, எல்லாம் வந்துரும்” என்றார். நானும் நம்பினேன்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே, “ஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா?” ஆமா என்றேன். மறைத்திருந்தாலும் பலனில்லை, இஞ்சினைப் பிரித்தால் பிஸ்டனோடு இணைந்த கம்பியான கனெக்டிங் ராடு வளைந்திருப்பதே சொல்லிவிடும். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரை பிஸ்டனால் அமுக்க முடியாது, அதனால் ராடு வளைகிறது. இது வெள்ளம் செய்த சேதம் இல்லையாம், ஸ்டார்ட் செய்ததால் வந்த பின்விளைவாம். சாதாரண பாலிசி அதை ஏற்காது. இஞ்சின் புரொடெக்ட் என்று தனியாக ஒரு கவர் எடுத்திருக்க வேண்டும். பம்பர் டு பம்பர் என்பது ஜீரோ டெப்ரிசியேஷன்தான். பிளாஸ்டிக், ரப்பர் சாமான்களில் பாதி விலையைக் கழிப்பார்களே, அந்தக் கழிவு இல்லாமல் தருவது. இஞ்சினுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ஒர்க்‌ஷாப் பில் 1,38,000. கைக்கு வந்தது 34,000. வயரிங், கார்ப்பெட், சுத்தம் செய்த கூலி இவ்வளவுதான்.

பழைய பாலிசிகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். முதல் நாலு வருடமும் இஞ்சின் கவர் இருந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் புதுப்பித்தபோது அந்த வரியையே காணோம். ஏஜென்டிடம் கேட்டால், “நீங்கதான அண்ணாச்சி பிரீமியத்தக் கொறைக்கச் சொன்னிய?” சொன்னது உண்மைதான். எதைக் குறைக்கிறேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மிச்சமானது தொள்ளாயிரத்துச் சொச்சம்.

அடுத்த அடி 2024 ஆகஸ்டில். நாலு வருடம் கிளெய்ம் இல்லாமல் ஓட்டிச் சேர்த்த 45 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, இந்த ஒரு கிளெய்மில் பூஜ்யம். (சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்.)

தண்ணீரில் நின்ற வண்டி என்றால் சாவியைத் தொடாதீர்கள். போட்டோ எடுத்து, கம்பெனிக்குச் சொல்லிவிட்டு, டோ செய்து கொண்டுபோங்கள். கிளெய்மில் தகராறு என்றால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனுக்கு (குறைதீர்ப்பு அதிகாரி) போகலாம், கட்டணம் கிடையாது. என் விஷயத்தில் பாலிசியிலேயே அந்த வரி இல்லை. எதைக் காட்டிப் புகார் கொடுப்பேன்?

போன வாரம் அதே ஏஜென்ட் போன் செய்தார். “அண்ணாச்சி, ரினீவல் வருது, போன வருசம் மாதிரியே போட்டுரட்டா?”