ஒன்பது வருடமாக ஐகான்வ்: ஒரே வேலை, இரண்டு பெயர்

திருவல்லிக்கேணியில் ஒரு சிறு பதிப்பகத்தின் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலை ஒன்பது வருடத்துக்கு முன் என்னிடம் வந்தது. எல்லாம் திஸ்கி என்ற பழைய தமிழ் எழுத்துக் குறியீட்டு முறையில் அடித்தவை. அன்றிலிருந்து, உரையை ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் ஐகான்வ் ஓடாத வாரமே இல்லை.

லினக்ஸில் அது ஜிலிப்சி என்ற அடிப்படை சி லைப்ரரியோடு சேர்ந்தே வருகிறது, திஸ்கியும் அதற்குத் தெரியும். திஸ்கியில் 'கொ' என்பது கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் இருக்கும். யூனிகோடில் 'க' முதலில், உயிர்க்குறி பிறகு. வெறும் அட்டவணையை வைத்து மாற்றினால் கொம்பு முந்தைய எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஜிலிப்சி வரிசையையும் திருப்பிப் போடுகிறது. இதைச் செய்தவர்களுக்குத் தமிழன் என்ற முறையில் கடன்பட்டிருக்கிறேன்.

மேக் வாங்கியதும்தான் தலைவலி. என் சி நிரலில் நான் எழுதியது 'ஐகான்வ்_ஓப்பன்' என்ற ஃபங்ஷன் பெயர். 'லிப்ஐகான்வ்_ஓப்பன்' கிடைக்கவில்லை என்கிறது, நிரலை லைப்ரரியோடு இணைக்கும் லிங்கர். அந்த 'லிப்' எங்கிருந்து முளைத்தது என்று இரண்டு நாள் தேடினேன். குனு லிப்ஐகான்வ் என்பது ஐகான்வைத் தனி லைப்ரரியாகத் தருவது. அதன் ஹெட்டரே, அதாவது ஃபங்ஷன் பெயர்களை அறிவிக்கும் கோப்பே, மேக்ரோ வைத்துப் பெயரை மாற்றுகிறது, சிஸ்டத்தில் ஏற்கெனவே உள்ள ஐகான்வோடு மோதாமல் இருப்பதற்காக. நான் அந்த குனு ஹெட்டரை மேக்போர்ட்ஸ் என்ற மென்பொருள் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, மேக்கோடு வந்த லைப்ரரியில் இணைத்திருக்கிறேன். அதில் முன்னொட்டு கிடையாது. ஹெட்டர், லைப்ரரி இரண்டுக்கும் ஒரே இடத்தைக் காட்டியதும் சரியாகிவிட்டது. இப்போதெல்லாம் முதலில் 'என்எம்' கட்டளையில் லைப்ரரிக்குள் என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்துவிடுகிறேன்.

இந்தப் பெயர் மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தவறு தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகிறது. இணையதள நிரல்மொழியான பிஎச்பியின் 'யுடிஎஃப்8_என்கோட்' அப்படியில்லை. பெயரைப் பார்த்தால் எதையும் யுடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் ஒரு முறை) ஆக்கும் என்று தோன்றும். உண்மையில் அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான லத்தீன்-1 எழுத்தை மட்டுமே மாற்றும். ஏற்கெனவே யுடிஎஃப்-8இல் உள்ள தமிழைக் கொடுத்தால் ஒரு எச்சரிக்கைகூட இல்லாமல் குப்பையாக்கிவிடும். அப்படிக் கெட்டுப்போன நாற்பது பக்கங்களை நான் கையால் திருத்தியிருக்கிறேன். பிஎச்பி 8.2இல் அதைக் கைவிடப்பட்ட பட்டியலில் சேர்த்தபோது உண்மையிலேயே நிம்மதியாக இருந்தது.

மேக்கில் லிங்க் ஆன பிறகும் ஒன்று பாக்கி இருந்தது. குனு லிப்ஐகான்வுக்குத் திஸ்கி தெரியாது. அதனால் பதிப்பகத்துக் கோப்புகள் இன்றும் பழைய லினக்ஸ் பெட்டியில்தான் மாறுகின்றன.