'ஸ்கூலிங் இன் கேப்பிடலிஸ்ட் அமெரிக்கா': ஐந்தாம் அத்தியாயத்திலிருந்து தொடங்குங்கள்

அமெரிக்கப் பொருளியலாளர்கள் சாமுவேல் பவுல்ஸும் ஹெர்பர்ட் ஜிண்டிஸும் எழுதி 1976இல் வெளிவந்த புத்தகம். கல்வியையும் வர்க்கத்தையும் பற்றி மார்க்சியப் பார்வையில் பேசுகிறவர்கள் இதைத் தொடாமல் போவதில்லை. ஆனால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தால் சலிப்பு தட்டும். தொடக்க அத்தியாயங்களில் அந்தக் காலத்துச் சீர்திருத்தச் சண்டைகளே அதிகம்.

சரக்கு இருப்பது ஐந்தாம் அத்தியாயத்தில். பள்ளி வேலைத்தளத்தைப் போலவே இயங்குகிறது என்பது வாதம். பாடத்திட்டத்தை முடிவு செய்வதில் மாணவருக்குப் பங்கில்லை, வேலையை முடிவு செய்வதில் தொழிலாளிக்குப் பங்கில்லை. தொழிலாளிக்குக் கூலி, மாணவருக்கு மார்க். இரண்டு பேருமே செய்யும் காரியத்துக்காக அதைச் செய்வதில்லை. இந்த ஒப்புமையோடு நின்றிருந்தால் வெறும் மேடைப் பேச்சாகியிருக்கும். எல்லாப் பள்ளியும் ஒரே பழக்கத்தை ஊட்டுவதில்லை என்று காட்டுவதுதான் புத்தகத்தின் பலம். அடிமட்ட வேலைக்குப் போகிறவர்களுக்கு விதிக்குக் கீழ்ப்படிதல். மேல்தட்டுக் கல்லூரிக்காரர்களுக்கோ மேற்பார்வை இல்லாமலே நிறுவனத்தின் நோக்கத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும் பயிற்சி.

சான்றும் உண்டு. நியூயார்க் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் இறுதியாண்டு மாணவர்கள் 237 பேரிடம் எடுத்த ஆய்வில், விடாமுயற்சி, நம்பகத்தன்மை, நேரந்தவறாமை மார்க்கைக் கூட்டின. படைப்பூக்கமும் சுயேச்சைக் குணமும் குறைத்தன. அறிவுத்திறன் ஒன்றாக இருந்தாலும் குடும்பப் பின்னணிக்கேற்ப வருமானம் மாறுவதை நான்காம் அத்தியாயம் காட்டுகிறது. 'திறமைக்கேற்ற பலன்' பேசுகிறவர்களுக்கு இதைவிட நேரடியான பதில் கிடைப்பது அரிது. பின்னிணைப்பு அட்டவணைகளைப் புள்ளியியல் தெரியாதவர்கள் தாண்டிவிடலாம், வாதம் கெடாது.

குறை எங்கே? இந்தப் புத்தகத்தில், வார்ப்பில் ஊற்றிய உலோகம் போல மாணவர்கள் அப்படியே உருவெடுத்துவிடுகிறார்கள். வகுப்பறைக்குள் அது எப்படி நடக்கிறது, யார் முரண்டு பிடிக்கிறார்கள் என்பது வெளிச்சத்துக்கு வருவதே இல்லை. அதனால் பிரிட்டிஷ் சமூகவியலாளர் பால் வில்லிஸின் 'லேர்னிங் டு லேபர்' (1977) நூலைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அதில் வரும் 12 இங்கிலாந்துத் தொழிலாளர் வீட்டுப் பையன்கள் ஆசிரியரை மதிப்பதில்லை, படிப்பைக் கிண்டலடிக்கிறார்கள். அந்தக் கலகமே அவர்களைத் தொழிற்சாலை வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. கீழ்ப்படிதல் மட்டுமே வர்க்கத்தை மறுஉற்பத்தி செய்கிறது, அதாவது பெற்றோரின் வர்க்க நிலையைப் பிள்ளைகளுக்கும் கடத்துகிறது என்ற வாதத்தில் இது பெரிய ஓட்டை போடுகிறது. பெண்கள், கறுப்பினத்தவர் பற்றியும் பவுல்ஸ்-ஜிண்டிஸ் சொல்வது போதாது.

சோஷலிசக் கல்வி பற்றிய கடைசிப் பகுதி ஆசையைச் சொல்கிறது, வழியைச் சொல்லவில்லை. நேரம் குறைவு என்றால் 5, 4, 6 என்ற வரிசையில் மூன்று அத்தியாயங்கள் போதும்.