பழைய காரின் அலாரம்: பைபாஸ் போதுமா, முழுதாகக் கழற்றணுமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் புரோட்டோன் ஈஸ்வரா என்ற பழைய கார் இன்னும் ஓடுகிறது. வெளிக்கடையில் பொருத்திய அலாரம் கெட்டால், நல்ல எஞ்சினும் ஸ்டார்ட் ஆகாது.

எந்த வழியானாலும் முதலில் 10 மில்லிமீட்டர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சைரனில் சாவித்துளை இருந்தால் அதை முன்பே அணைத்துவிடுங்கள். உள்ளே தனி பேட்டரி உண்டு, அலறும்.

பைபாஸ், அதாவது அலாரத்தைக் கழற்றாமல் அதைத் தாண்டி வயரை இணைப்பது, அரை மணி வேலை. இக்னிஷன் சுவிட்சிலிருந்து வரும் தடித்த வயரை அலாரத்தின் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) வரை தொடருங்கள். அலாரம் பொருத்தியவர்கள் பெரும்பாலும் அங்கேதான் அதை வெட்டியிருப்பார்கள். வண்டியின் பழைய வயர் முனைகள் இரண்டையும் சேர்த்தால் ஸ்டார்ட் ஆகும். ஆனால் அலாரம் பெட்டி மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் நிற்கும் வண்டிக்கு இது ஆகாது.

முழுதாகக் கழற்ற அரை நாள் ஒதுக்குங்கள். பெட்டிக்குப் பக்கத்தில் எல்லா வயரையும் மொத்தமாக வெட்டுவதுதான் பெரிய தவறு: ஸ்டார்ட்டர் இணைப்பு அறுந்தே கிடக்கும், சிக்னல் விளக்குக்குப் போன வயரின் முனை பாடியில் உரசி பியூஸ் போகும். ஒவ்வொரு வயரையும் அது ஒட்டிய இடம் வரை தொடர்ந்து பிரியுங்கள். வெட்டிய இடங்களைச் சாலிடர் செய்து, சூடாக்கினால் சுருங்கும் குழாய் போடுங்கள். வெறும் டேப்பின் பசை நம் வெயிலில் இளகிவிடும்.

பிறகு மல்டிமீட்டரை 10 ஆம்பியரில் வைத்து, பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் கழற்றிய கேபிளுக்கும் இடையே, வண்டி சும்மா நிற்கும்போது ஓடும் மின்சாரத்தை அளந்து பாருங்கள். சாவி அணைத்து, கதவு மூடியபின் 50 மில்லி ஆம்பியருக்குள் இருக்கணும். மீட்டர் மாட்டியபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

வழியில் நின்றால் பைபாஸ். வைத்து ஓட்டும் வண்டிக்கு முழுதாகக் கழற்றுவதே சரி.