கொரியாக்காரரும் நானும் போன ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்

ஓசூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம், டீக்கடைக்கு மேல மாடியில நடக்குற சாயங்கால கிளாஸ். மூணு மாசத்துக்கு 4,500 ரூபாய். குறையும் சொல்லப்போறதால பேர் போடல.

நான் தனியா சேரல. சிப்காட்ல எங்க லைனுக்கு மெஷின் மாட்ட வந்திருந்த கொரியா இன்ஜினியரும் கூட வந்தார். எல்லாம் ஒரு போன் காலால. அமெரிக்கா கஸ்டமர், "ஹேவ்ன்ட் த பார்ட்ஸ் அரைவ்ட்?"னு கேட்டார். நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல "யெஸ்"ன்னுட்டோம். வரலையான்னு கேட்டா ‘ஆமா, வரல’ன்னுதானே சொல்வோம்? கொரியாவுலயும் அப்படித்தான். மனுஷன் பார்ட்ஸ் வந்துருச்சுன்னு எழுதிக்கிட்டார். அந்த வாரம் நாங்க பட்ட பாடு!

மிஸ் கெட்டிக்காரங்க. ‘நோ, தே ஹேவ்ன்ட்’னு முழுசா சொல்லவெச்சு, வாய் தானா சொல்ற வரைக்கும் விடல. அவங்கவங்க தப்பை எழுத ஆளுக்கொரு நோட்டு. எங்க ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சா பாதி ஒண்ணுதான். ரெண்டு பேரும் ‘ஈட் மெடிசின்’னு எழுதியிருந்தோம், கொரியாவுலயும் மருந்தைச் சாப்பிடத்தான் செய்வாங்க. இங்கிலீஷ்காரன் ‘டேக்’ பண்றான். ஒருநாள் கொரியாக்காரர் ‘மை வைஃப்’னு சொல்லாம ‘அவர் (our) வைஃப்’னதும் கிளாஸே சிரிச்சுது. எனக்குச் சிரிப்பு வரல. ‘எங்க வீட்டுக்காரி’ன்னு சொல்றவன் நான். கொரியன்ல சொல்ற ‘உரி’யும் நம்ம ‘எங்க’தான்.

சிலது அவருக்கே உரியது. டீக்கடையில மாஸ்டர் சும்மா ஒரு வடையை வெச்சதும், சந்தோஷமா "சர்வீஸ்?"னார். மாஸ்டர் முழிச்சார். கொரியாவுல ‘சர்வீஸ்’னா கொசுறு! மிஸ் அதுக்கு ‘ஆன் த ஹவுஸ்’னு எழுதிக் கொடுத்தாங்க.

குறைன்னா, அவங்க 350 ரூபாய்க்கு விக்கிற புக். ‘ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ மாதிரி பழசுதான் பக்கத்துக்குப் பக்கம். எங்களுக்கு வர்ற கால்ல ஒருத்தர்கூட அப்படிப் பேசி நான் கேட்டதில்ல. லிசனிங் கிளாஸ் அன்னிக்கு லேப்டாப் ஸ்பீக்கரைவிட பஸ் ஹாரன்தான் நல்லாக் கேக்கும். ரெண்டாம் மாசம் அவர் ஊருக்குக் கிளம்பினப்போ மீதிப் பணமும் தரல. ஆபீஸ்ல இருந்தவர் ரசீதைத் திருப்பி, பின்னாடி பொடி எழுத்துல இருக்குறதைக் காட்டினார்.

சேர்றவங்க காலை ஆறரை பேட்ச்ல சேருங்க, ஹாரன் கம்மி. புக் வாங்காதீங்க, நாப்பது பக்க நோட்டு ஒண்ணு போதும்.